அம்மாச்சிக்கு நினைவு மலர்: எஸ்.ஆர். நகலிலிருந்து தொடங்குங்கள்

தலைத்திவசத்துக்கு நினைவு மலர் போடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தால், முதல் வேலையாகப் பழைய பேப்பர்காரரை வாசலோடு நிறுத்துங்கள். நாங்கள் நிறுத்தவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, வீட்டை ஒழிக்கிறோம் என்று அம்மாச்சியின் தகரப்பெட்டியிலிருந்த டைரிகளை எடைக்குப் போட்டுவிட்டோம். முப்பது வருஷத்து டைரிகள். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. பெட்டியின் அடியில் பழைய வேட்டியில் சுற்றியிருந்த ஒரு கட்டு மட்டும் தப்பியது. அதிலிருந்துதான் எங்கள் மலரே வந்தது.

அம்மாச்சி வருவாய்த் துறையில் இருந்தவர். 1968இல் நாகப்பட்டினத்தில் கிளார்க்காகச் சேர்ந்து, 2002இல் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றார். இந்த ஒரு வரிக்கு மேல் கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு வருஷம் சொன்னோம். அதனால் காகிதத்திலிருந்து தொடங்குங்கள். அரசு ஊழியராக இருந்தவருக்கு எஸ்.ஆர். என்கிற பணிப்பதிவேடுதான் ஆதாரம். சேர்ந்த நாள், மாறுதல், துறைத் தேர்வு, இன்கிரிமென்ட், விடுப்பு எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். நகல் கிடைக்கவில்லையென்றால் பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணைப் புத்தகமும் மாறுதல் ஆணைகளும் பாதி வழிக்காவது கொண்டுபோய்விடும்.

விடுப்புப் பக்கத்தை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். எங்கள் கட்டிலிருந்த நகலில் வருஷக்கணக்காக ஒன்றிரண்டு நாளுக்கு மேல் விடுப்பே இல்லை. திடீரென்று ஓரிடத்தில் ஈட்டிய விடுப்பு 40 நாள். தேதியைப் பார்த்தேன். நான் பிறந்த மாதம். 'உனக்காக லீவு போட்டேன்' என்று அம்மாச்சி ஒரு நாளும் சொன்னதில்லை. மலரின் முதல் பக்கத்துக்கு நான் எடுத்துக்கொண்டது அந்த வரியைத்தான்.

தேதிகளில் சில இடங்களில் தடுக்கும். எஸ்.ஆரில் இருக்கும் பிறந்த தேதி பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது போட்டது. வீட்டில் சொல்லும் நட்சத்திரத்தோடு ஒத்துவராது. இரண்டையும் போடுங்கள். வருவாய்த் துறைக் காகிதங்களில் பசலி ஆண்டு வரும், நிலவரிக் கணக்குக்கான ஆண்டு. அது ஜூலை 1இல் தொடங்கும். பசலியோடு 590 கூட்டினால் தொடங்கும் ஆங்கில வருஷம் கிடைக்கும். பசலி 1387 என்றால் 1977 ஜூலை முதல் 1978 ஜூன் வரை. நாகை 1991 அக்டோபரில்தான் தனி மாவட்டமானது. பழைய ஆணைகளில் 'தஞ்சாவூர் மாவட்டம்' என்று இருந்தால் அவர் வேறு ஊருக்குப் போனார் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே நாற்காலியில்கூட இருந்திருப்பார்.

அடுத்தது, கூட வேலை பார்த்தவர்கள். தாமதிக்காமல் போய்ப் பாருங்கள், அவர்களுக்கும் வயதாகிவிட்டது. 'எங்க அம்மாச்சி எப்படிப்பட்டவங்க?' என்று கேட்டால் 'தங்கமான மனுஷி' என்ற பதிலோடு நின்றுவிடும். எந்த சீட் பார்த்தார், ஜமாபந்தி என்கிற வருடாந்திர நிலவரிக் கணக்குத் தணிக்கை சமயத்தில் ராத்திரி எத்தனை மணிக்குக் கிளம்பினார், மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்று கேளுங்கள். ஒரு காட்சி கிளம்பினால் அதன் பின்னால் பத்து வரும்.

அவரோடு பியூனாக இருந்த ஒரு பெரியவரைத் தேடிப்போனேன். எண்பது தாண்டியவர். 1977 நவம்பர் 12 புயலுக்கு மறுவாரம், நிவாரணப் பட்டியலோடு அம்மாச்சிகூட நடந்தே போனாராம். வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்திருக்கிறது. ஒரு திண்ணையில் தனியாக உட்கார்ந்திருந்த கிழவிக்கு ரேஷன் கார்டு இல்லை, பட்டியலில் பெயரும் இல்லை. 'கார்டு இல்லேன்னா ஆளு இல்லேன்னு ஆயிடுமா? உசுரோட உக்காந்திருக்காங்கள்ல, எழுதுங்க'ன்னு அக்கா சொன்னுச்சு, என்றார். சொல்லிவிட்டு வெகுநேரம் பேசவில்லை. இப்படிச் சொன்னதைச் சொன்னபடியே போடுங்கள், திருத்தி எழுதினால் அவர் குரல் போய்விடும். போனில் பதிவு செய்தால் அன்றைக்கே இன்னொரு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.

சேர்ந்த காகிதங்களைப் பிரிக்க அம்மாச்சியின் ஆபீஸ் வழியையே பிடித்தேன். கோப்பு முடிந்தால் அதை எவ்வளவு காலம் வைப்பது என்று ஒரு குறி போடுவார்கள்: ஆர்.டிஸ் நிரந்தரமாக இருக்க வேண்டியது, டி.டிஸ் பத்து வருஷம், எல்.டிஸ் சீக்கிரமே கழிப்பது, என்.டிஸ் வந்த இடத்துக்கே மூலத்தைத் திருப்புவது. எஸ்.ஆர். நகல், கடிதங்கள், கையெழுத்துள்ள எல்லாம் ஆர்.டிஸ். கரண்ட் பில்லும் மருந்துச் சீட்டும் எல்.டிஸ். இரவல் வாங்கிய போட்டோக்கள் என்.டிஸ். ஸ்கேன் செய்து, ஒரு வாரத்துக்குள் உரியவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

பழைய போட்டோவை லாமினேட் செய்யாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. பின்பக்கத்தில் பெயர் எழுதப் பென்சில் போதும், மெல்ல எழுதுங்கள். பாஸ்போர்ட் அளவுப் படத்தை 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் பெரிதாக்கினாலும் முகம் உடையாது. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும்; எங்களுடையது 32. எழுத்து 14 பாயிண்டுக்குக் குறைய வேண்டாம், படிக்கப்போவது அவர் வயதுக்காரர்கள். பென்ஷன் எண், வங்கிக் கணக்கு, ஆதார் எண் தெரிகிற பக்கங்களை அச்சுக்கு விடாதீர்கள்.

எழுதும்போது 'அலுவலகத்தில்', 'இல்லத்தில்' என்று இரண்டு அத்தியாயம் போடும் ஆசை வரும். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன், அதில் அம்மாச்சியே இல்லை. 'பாசத்தின் சிகரம்' போன்ற போஸ்டர் வாசகங்களிலும் அவர் இல்லை. ஒரே ஆள்தான் இரண்டு இடத்திலும் இருந்தார். பேரப்பிள்ளைகள் ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு கோப்பு வைத்திருந்தார். அட்டை போட்டு, ஓட்டை குத்தி, வெள்ளை டேக் கோத்து, ஒவ்வொரு தாளுக்கும் சிவப்பு மையில் பக்க எண். தடுப்பூசி அட்டை, மார்க் ஷீட், நாங்கள் கிறுக்கிய படங்கள் எல்லாம் அதில் உண்டு.

என் கோப்பில் 31ஆம் பக்கம், நாலாம் வகுப்பில் நான் எழுதிய கடிதம். பன்னிரண்டு கலர் ஸ்கெட்ச் பென் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இடது ஓரத்தில் அம்மாச்சியின் சாய்ந்த கையெழுத்து, சுருக்கொப்பம், தேதி: 'பார்த்தேன். ஆவன செய்யப்பட்டது. கோப்பில் வைக்க.' மலரின் கடைசிப் பக்கத்தில் அதை முழு அளவில், மடிப்புக் கோடுகூட அழிக்காமல் போட்டிருக்கிறோம்.