கேஸ்ட்ரிக் பைபாஸ் பண்ணதுக்கு அப்புறம் வயிறு படுத்துதா? ஐபிஎஸ்னு (IBS) முடிவு கட்டுறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

எனக்கு எடை குறைக்கிற கேஸ்ட்ரிக் பைபாஸ் ஆபரேஷன் பண்ணி மூணு வருஷம் முடிஞ்சிருச்சு. எடை நல்லா குறைஞ்சுது, சுகரும் கன்ட்ரோலுக்கு வந்துச்சு, அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா எட்டாவது மாசத்துல இருந்து ஒரு வாரம் லூஸ் மோஷன், அடுத்த வாரம் முக்கினாலும் போகாது, சாயங்காலம் ஆனா போதும் வயிறு கல்லு மாதிரி உப்பிக்கும். ஆபரேஷனுக்கு முன்னாடியே எனக்கு ஐபிஎஸ் (குடல்ல வேற நோய் எதுவும் இல்லாமலே வயிறு வலிச்சு, உப்பி, மோஷன் மாறி மாறிப் போற பிரச்சினை) இருந்துச்சு, சரி பழசுதான் திரும்ப வந்துருச்சுன்னு நானா நினைச்சுகிட்டு ஆறு மாசம் சும்மா இருந்துட்டேன். அந்த ஆறு மாசம் உங்களுக்கும் வீணாகக் கூடாதுன்னுதான் இத எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், இப்ப நம்ம வயிறு பழைய வயிறு இல்ல. பைபாஸ்ல சுமார் 30 மில்லி பிடிக்கிற சின்னப் பையா வயித்த ஆக்கி நேரா சிறுகுடலோட இணைச்சிடறாங்க, ஸ்லீவ்னு இன்னொரு எடை குறைப்பு ஆபரேஷன்ல வயித்துல முக்காவாசிக்கு மேல வெட்டி எடுத்துடறாங்க. அதனால அதே உப்புசம், அதே வயித்துப்போக்கு வந்தாலும் காரணம் வேறயா இருக்கலாம், வைத்தியமும் மாறிடும்.

ஒரு நோட்டு போடுங்க. ரெண்டு வாரம் போதும். என்ன சாப்பிட்டீங்க, எத்தன மணிக்கு, எத்தன மணிக்கு வயிறு ஆரம்பிச்சுது, மோஷன் எப்படி இருந்துச்சு (கெட்டியா, கொழகொழன்னா, தண்ணியா, எண்ணெய் மிதந்துச்சா), ராத்திரி தூக்கத்துல எழுப்புச்சா, இவ்வளவுதான். இதுல நேரம்தான் முக்கியம். என் நோட்டுல முதல் நாலு நாளும் ஒரே மாதிரி இருந்துச்சு, 7.10 காபி, 7.50 வயிறு கடமுட, 8.15 பாத்ரூம். அத எழுதிப் பாக்குற வரைக்கும் காபி மேல எனக்கு சந்தேகமே வரல, ஏன்னா இருபது வருஷமா குடிக்கிற காபி.

சாப்பிட்டு பத்து நிமிஷத்துல இருந்து அரை மணி நேரத்துக்குள்ள வயிறு முறுக்கி, நெஞ்சு படபடன்னு அடிச்சு, வேர்த்து, உடனே பாத்ரூம் ஓடுறீங்கன்னா அது டம்பிங்கா இருக்க வாய்ப்பு அதிகம். கேசரி, பாயசம், ஜூஸ் மாதிரி இனிப்பு வேகமா சிறுகுடல்ல போய் விழறதால வர்றது. இன்னொரு வகை ஒண்ணுல இருந்து மூணு மணி நேரம் கழிச்சு வரும், கை நடுங்கும், திடீர்னு பசிக்கும், கண்ண இருட்டும், அது சுகர் இறங்குறது, அப்ப குளுக்கோமீட்டர்ல பாத்து அந்த நம்பர நோட்டுல எழுதி டாக்டர்கிட்ட காட்டுங்க. ரெண்டுக்குமே அடிப்படை ஒண்ணுதான், ஜூஸ் மாதிரி இனிப்பா குடிக்கிறத நிறுத்தணும், தட்டுல முட்டையோ மீனோ பனீரோ முதல்ல, சோறு கடைசியில, சாப்பாட்டோட தண்ணி குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் இடைவெளி.

காபில ஊத்துற பால் விஷயத்துக்கு வரேன். பைபாஸ்க்கு அப்புறம் பால் சர்க்கரை ஒத்துக்காம போறது நிறைய பேருக்கு நடக்குது. ஒரு வாரம் பால முழுசா நிறுத்திப் பாருங்க, தயிர் பல பேருக்கு ஒத்துக்கும். இதுல நாம மறந்துடறது புரோட்டீன் பவுடர். பால்ல இருந்து எடுக்கிற வே (whey) பவுடர்ல கான்சன்ட்ரேட் வகைல பால் சர்க்கரை இருக்கு, ஐசோலேட் வகைல ரொம்ப கம்மி, டப்பாவ திருப்பிப் படிங்க. கூடவே சுகர் ஃப்ரீ சாக்லேட், புரோட்டீன் பார்ல சர்க்கரைக்கு பதிலா சேக்கிற சார்பிடால், மால்டிடால்னு போட்டிருந்தா அதுவே வாயுவும் வயித்தால போறதும் உண்டாக்கும். நல்லதுன்னு நினைச்சு தினம் ஒண்ணு சாப்பிட்டுட்டு இருப்போம்.

மோஷன் வெளுத்து, எண்ணெயா, நாத்தமா, ஃப்ளஷ் பண்ணாலும் போகாம மிதந்தா கொழுப்பு சரியா ஜீரணமாகலன்னு அர்த்தம், இத வீட்டுல சரி பண்ண முடியாது, டாக்டர்கிட்டதான் போகணும், ஏ, டி போன்ற விட்டமினும் அதோட வெளிய போயிடும். பித்தப்பை எடுத்தவங்களுக்கு பித்தநீராலயே தண்ணியா போகலாம், அதுக்குத் தனி மருந்து இருக்கு. எத சாப்பிட்டாலும் உப்புதுன்னா சிறுகுடல்ல பாக்டீரியா பெருகியிருக்கலாம், மூச்சுல ஹைட்ரஜன் பாக்குற டெஸ்ட் இருக்கு, கேளுங்க. எனக்கு அந்த டெஸ்ட்ல பாசிட்டிவ் வந்து ரிஃபாக்சிமின்னு ஒரு ஆன்டிபயாடிக் எழுதிக் குடுத்தாங்க, உப்புசம் பாதிக்கு மேல குறைஞ்சுது. தயவுசெஞ்சு இத நீங்களா மெடிக்கல்ல வாங்கிப் போடாதீங்க.

மாத்திரைகளயும் பாருங்க. இரும்புச்சத்து மாத்திரை மலச்சிக்கல் கொண்டு வரும், கால்சியம் கார்பனேட்டும் அப்படித்தான், சிட்ரேட்டா மாத்த முடியுமான்னு கேளுங்க (இரும்பையும் கால்சியத்தையும் ஒண்ணா போடாம ரெண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்க). சுகர் மாத்திரை மெட்ஃபார்மின இன்னும் பழைய டோஸ்லயே போட்டுட்டு இருந்தா அதுவே லூஸ் மோஷனுக்குக் காரணமா இருக்கலாம். எதையும் நீங்களா நிறுத்தாதீங்க, லிஸ்ட்ட எடுத்துட்டுப் போங்க.

இவ்வளவும் பாத்தும் ஐபிஎஸ்தான்னு டாக்டர் சொன்னா, அடுப்படிக்கு வாங்க. மெல்போர்ன்ல இருக்கிற மோனாஷ் யுனிவர்சிட்டி கொண்டு வந்த லோ ஃபாட்மேப்னு ஒரு முறை இருக்கு, குடல்ல புளிச்சு வாயு உண்டாக்குற சில வகை சர்க்கரைய ரெண்டுல இருந்து ஆறு வாரம் வரைக்கும் குறைச்சுட்டு அப்புறம் ஒவ்வொண்ணா திரும்ப சேத்துப் பாக்குறது. இது ஆயுசுக்கும் இருக்கிற டயட் இல்ல. அதுவும் நாம ஏற்கனவே கொஞ்சமா சாப்பிடறவங்க, நாளைக்கு 60 கிராமாவது புரோட்டீன் போகணும், அதனால டயட்டீஷியன் இல்லாம இத ஆரம்பிக்காதீங்க.

நம்ம சமையல்ல பெரிய பிரச்சினை வெங்காயமும் பூண்டும்தான். ரசத்துல பூண்டு தட்டிப் போட்டுட்டு, சாப்பிடும்போது பூண்ட மட்டும் ஒதுக்கி வச்சா போதும்னு நானும் நினைச்சேன், போதாது, பூண்டுல இருக்கிற அந்த வாயு உண்டாக்குற சர்க்கரை தண்ணியில கரைஞ்சு ரசம் முழுக்க இறங்கிடும். ஆனா எண்ணெய்ல கரையாது. அதனால நல்லெண்ணெய்ல பூண்டு நாலு பல்லு போட்டு வாசம் வர்ற வரைக்கும் வதக்கி, பூண்ட எடுத்துட்டு அதே எண்ணெய்ல கடுகு தாளிச்சா மணம் அப்படியே இருக்கும், வயிறும் சும்மா இருக்கும் (அந்த எண்ணெய எடுத்து வைக்காதீங்க, அன்னன்னைக்கு பண்ணுங்க). வெங்காயத்துக்கு பதிலா வெங்காயத்தாளோட பச்சைப் பகுதி மட்டும். பெருங்காயத்தூள்ல கோதுமை மாவு இல்லன்னா மைதா கலந்திருக்கும், லேபிள் பாருங்க. எடை குறைக்கணும்னு எல்லாரும் சப்பாத்திக்கு மாறுவோம், ஆனா ஐபிஎஸ் இருக்கிறவங்களுக்கு கோதுமைய விட இட்லியும் சோறும் தேவலாம். கொண்டைக்கடலை ஆசையா இருந்தா ராத்திரி முழுக்க ஊற வச்சு, அந்தத் தண்ணிய கொட்டி, வேக வச்ச தண்ணியயும் வடிச்சு ரெண்டு ஸ்பூன்ல ஆரம்பிங்க. மாம்பழம், பலா, சீதாப்பழம் கொஞ்ச நாள் வேண்டாம், பப்பாளி, ஆரஞ்சு பரவால்ல.

மலச்சிக்கல் வகைன்னா ஒரு நாளைக்கு ஒண்ணரை லிட்டராவது தண்ணி சிப் சிப்பா போகணும். இசப்கோல் டாக்டர் சரின்னு சொன்னா ஒரு ஸ்பூன்ல ஆரம்பிச்சு நிறைய தண்ணில கலந்து உடனே குடிங்க, கெட்டியாக விட்டா நம்ம சின்னப் பையில அடைச்சுக்கும். சீரகத் தண்ணி வெதுவெதுப்பா குடிச்சா எனக்கு ஆறுதலா இருக்கும், அதுக்கு மேல அதுகிட்ட எதிர்பாக்காதீங்க.

வயித்து வலிக்கு, பீரியட்ஸ் வலிக்குன்னு மெடிக்கல்ல சட்டுன்னு எடுத்துக் குடுக்கிற மாத்திரைய வாங்குறதுக்கு முன்னாடி அட்டைய படிங்க. மெஃபெனமிக் ஆசிட், டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென்னு இருந்தா பைபாஸ் பண்ணவங்களுக்கு வேண்டவே வேண்டாம், இணைச்ச இடத்துல புண்ணாகிடும். எனக்கே ஒரு தடவ அப்படி குடுத்தாங்க, வீட்டுக்கு வந்து படிச்சுட்டுதான் கை நின்னுச்சு.

கடைசியா, வீட்டுல உக்காந்து சமாளிக்கக் கூடாத விஷயங்கள். மோஷன்ல ரத்தம், இல்ல தார் மாதிரி கருப்பு, காய்ச்சல், ராத்திரி தூக்கத்துல எழுப்புற வயித்துப்போக்கு, எடை நிக்காம இறங்குறது, இதெல்லாம் ஐபிஎஸ் இல்ல. நாள் கணக்கா வாந்தி எடுத்து கால் மரத்துப் போனாலோ, நடை தள்ளாடினாலோ விட்டமின் பி1 குறைஞ்சிருக்கலாம், அன்னைக்கே போங்க. பைபாஸ் பண்ணவங்களுக்கு வருஷக் கணக்கு கழிச்சுக்கூட குடல் உள்ளுக்குள்ள ஒரு இடைவெளியில போய் மாட்டிக்கலாம், சுருட்டிப் பிடிக்கிற பயங்கர வலி விட்டு விட்டு வரும், ஸ்கேன்ல தெரியாம போறதும் உண்டு. அந்த நேரத்துல எமர்ஜென்சில இருக்கிற டாக்டருக்கு நமக்கு என்ன ஆபரேஷன்னு தெரியாது, நமக்கும் பேச முடியாது. அதனால டிஸ்சார்ஜ் சம்மரிய போட்டோ எடுத்து உங்க போன்லயும் வீட்டுல இன்னொருத்தர் போன்லயும் இன்னைக்கே போட்டு வைங்க.