எக்ஸ்-பிளேன் 11இல் இருந்து 12க்கு: பழைய சாமான்களையும் கூட்டிக்கொண்டு போறது

இரணைமடு ஓடுபாதைப் பக்கம் நான் ஒவ்வொன்றாக நட்ட 38 பனையும் ஒரே இரவில் காணாமல் போச்சு. நட்டது எக்ஸ்-பிளேன் என்ற விமானச் சிமுலேட்டருக்கு நிலக்காட்சி (சீனரி) செய்யிற வேர்ல்ட் எடிட்டரில்தான், காணியில் இல்லை. எண்டாலும் வயிறு எரிஞ்சுது. எக்ஸ்-பிளேன் 12க்கு மாறின அடுத்த நாள் நடந்த கதை இது. மூன்று கிழமை மினக்கெட்டுப் பிடிச்ச விசயத்தை எழுதிவைக்கிறன். ஜோய்ஸ்ரிக் கொழுவி ஒருக்காவது விமானத்தை எழுப்பின ஆளெண்டால் விளங்கும்.

மைக்ரோசொவ்ட் சிமுலேட்டருக்குப் போகலாமே என்று கேட்பீங்கள். 2024இல் வந்த அவையின்ர பதிப்பு, நிலத்தைப் பறக்கப் பறக்க இன்ரநெற்றில் இருந்து இழுக்கும். கிளிநொச்சியில் எங்கட வீட்டில் மழை இருட்டினாலே சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கிவிடும். எக்ஸ்-பிளேன் நிலத்தை ஹார்ட் டிஸ்க்கில் வைச்சிருக்கும். எனக்கு அது போதும்.

முதலாவது: 11இல் கை வைக்காதேங்கோ

12 என்பது 11க்கு மேல் பூசுற அப்டேற் இல்லை. 2022 டிசம்பரில் முழுசாக வந்த தனிப் பதிப்பு, லைசென்ஸும் வேறை. (எனக்குக் கனடாவில் இருக்கிற மச்சான் வாங்கித் தந்தது.) தனி போல்டரில் போடுங்கோ. இரண்டும் ஒரே கொம்பியூட்டரில் சண்டை பிடிக்காமல் இருக்கும். 12 ஒழுங்காக ஓடத் தொடங்கும் மட்டும் 11ஐ அழிக்கவேண்டாம். இடம் காணாவிட்டால் பழைய படங்களை அழியுங்கோ.

இரண்டாவது: எந்தச் சதுரம்?

இன்ஸ்ரோலர் உலகப் படத்தைக் காட்டி, எந்தச் சதுரங்கள் வேணும் என்று கேட்கும். ஒவ்வொன்றும் 10 பாகைக்கு 10 பாகை. எங்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கு. வடக்கு 10 பாகைக் கோடும் கிழக்கு 80 பாகைக் கோடும் வெட்டுறது காங்கேசன்துறைக்கு அங்கால, கடலில். அதனால் நாலு சதுரமும் எங்கட வாசலிலேயே முட்டுது. வன்னியில் பெரும்பகுதியும் பலாலியும் தென்கிழக்குச் சதுரத்தில். கட்டுநாயக்கா 80க்கு மேற்கே என்றபடியால் தென்மேற்கில். சென்னை வடகிழக்கில், திருச்சி வடமேற்கில்.

நான் கஞ்சத்தனமாகத் தென்கிழக்கை மட்டும் எடுத்தன். கட்டுநாயக்காவில் போய் இறங்கினால் சுத்திவரக் கடல், நடுவில் ஓடுபாதை. நாலையும் தெரிவு செய்யுங்கோ. இரவு டேற்றாவில் போடுங்கோ. கரண்ட் போய் நிண்டாலும் பயப்படவேண்டாம். திரும்ப ஓடவிட, எனக்கு விட்ட இடத்தில் இருந்துதான் இறங்கினது.

மூன்றாவது: பிளகின்

பிளகின் என்றால் சிமுலேட்டரோடை கூடுதலாகச் சேர்க்கிற சின்னச் சொவ்ட்வெயர். முதலில் ஒன்றும் சேர்க்காமல் வெறும் 12ஐ ஒருக்கா ஓட்டிப் பாருங்கோ. இதைப் பாய்ஞ்சு போறவைதான் பிறகு எது பிழை என்று தெரியாமல் நிற்கிறது. பிறகு ஒன்று போடுங்கோ, ஓட்டுங்கோ, அடுத்ததைப் போடுங்கோ.

11இன் பிளகின்களை அப்படியே கொப்பி பண்ணாமல், 12க்கு வேறை பதிப்பு இருக்கோ என்று முதலில் தேடுங்கோ. உதாரணத்துக்கு, சின்ன ஸ்கிரிப்டுகளை ஓட்டுற பிளை-வித்-லூவா: 11க்கு 'என்ஜி', 12க்கு 'என்ஜி பிளஸ்'. விமானங்களும் அப்படித்தான். 11க்கு எடுத்த என்ர ஏடிஆர் 72 பறந்தது, ஆனால் கண்ணாடி கறுத்துப்போய், மூடின ஜன்னலுக்குள்ளால் பலாலியைத் தேடின மாதிரி.

சிமுலேட்டர் பொத்தென்று மூடினால், எக்ஸ்-பிளேன் போல்டரில் இருக்கிற, நடந்ததை எல்லாம் எழுதிவைக்கிற லொக் பைலைத் திறந்து கடைசி வரிகளைப் பாருங்கோ. பிளகின்தான் காரணம் என்று அதுக்குத் தெரிஞ்சால், பேரைச் சொல்லியே எழுதியிருக்கும். ஊகிக்கிறதை விட அது சுகம்.

நாலாவது: பனைகள் போன இடம்

இதில்தான் நான் விழுந்தது. நாங்களாகச் சேர்க்கிற சீனரிகளைப் போடுற கஸ்டம் சீனரி போல்டருக்குள் 'சீனரி பேக்ஸ்' என்று ஒரு ஐஎன்ஐ பைல் (வெறும் எழுத்துப் பைல்) இருக்கு. எது மேலே, எது கீழே என்ற வரிசை அதில்தான். ஒரு இடத்துக்கு முழு நிலத்தையும் தாற சீனரி மேலே வந்தால், வரிசையில் அதுக்குக் கீழே உள்ள சீனரிகள் அதே இடத்துக்குத் தாற மரம், கட்டடம் ஒன்றையும் எக்ஸ்-பிளேன் ஏற்றாது.

ஓர்த்தோ4எக்ஸ்பி என்ற சொவ்ட்வெயரில் செய்த செய்மதிப் படத் துண்டு (சுருக்கமாக ஓர்த்தோ) இருக்கே, அது முழு நிலம். அதின்ர போல்டர் பேர் ஆங்கில 'இசெட்' எழுத்தில் தொடங்கிறதே அகர வரிசையில் கடைசிக்குப் போகட்டும் என்றுதான். ஆனால் புதுசாகக் கொண்டுவந்து போடுற எதையும் எக்ஸ்-பிளேன் பைலின்ர உச்சியில் எழுதும், 'இசெட்'டைப் பார்க்காது! நான் ஓடுபாதையை முதலிலும் ஓர்த்தோவைக் கடைசியிலும் போட்டன். ஓர்த்தோ உச்சிக்கு ஏறிவிட்டுது. ஓடுபாதை மட்டும் மிஞ்சினது, ஏனெண்டால் அது வேறை பைலில் இருந்து வாறது. அதுதான் என்னை ஏமாத்தினது. ஓடுபாதை தெரியுது, அப்ப சீனரி சரிதானே என்று நினைச்சு, பனையைத் திரும்ப நடத் தொடங்கிட்டன்.

சிமுலேட்டரை மூடிவிட்டு அந்தப் பைலைத் திறவுங்கோ. நீங்கள் போட்ட விமான நிலையங்கள் மேலே. அதுக்குக் கீழே, இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறி போட்ட 'குளோபல் எயார்போர்ட்ஸ்' வரி, எக்ஸ்-பிளேனோடை வாற விமான நிலையங்கள் அது. பிறகு வீதி, காடு மாதிரி நிலத்துக்கு மேல் விரிக்கிற ஓவர்லே. ஓர்த்தோ அடியில். லைப்ரரிகள் (மற்றச் சீனரிகள் எடுத்துப் பாவிக்கிற மரம், கட்டட உருவங்கள்) எங்கே இருந்தாலும் பரவாயில்லை. இதை அடுக்கித் தாற சொவ்ட்வெயர்களும் இருக்கு. எனக்குக் கையால் செய்யத்தான் விருப்பம், அப்பதான் என்னட்டை என்ன இருக்கு என்று தெரியும்.

11இன் ஐஎன்ஐ பைலைக் கொண்டுவராதேங்கோ. அதில் குளோபல் எயார்போர்ட்ஸ் கஸ்டம் சீனரிக்குள் இருக்கிற ஒரு போல்டர். 12இல் அந்த இடமே மாறிவிட்டுது.

பிற்சேர்க்கை: மாங்குளத்தில் இருந்து ஒரு தம்பி, வரிசையை மாத்தியும் ஒன்றும் நடக்கேல்லை என்று எழுதினார். பார்த்தால் பைலை வேர்ட்டில் திறந்து வேர்ட் பைலாகவே சேவ் பண்ணியிருக்கிறார். நோட்பாட் காணும்.

இன்னொரு பிற்சேர்க்கை: வவுனியா அக்கா ஒருவர், என்ர ஓர்த்தோத் துண்டை வாங்கிப் போட்டும் தன்ர ஊர் தெரியேல்லை என்றார். ஓர்த்தோத் துண்டு ஒரு பாகைக்கு ஒரு பாகை. என்னட்டை இருக்கிறது 9இல் இருந்து 10 பாகை வரை, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அதுக்குள் வரும். வவுனியா 9க்குக் கீழே. அக்கா, உங்களுக்கு 8ஆம் பாகைத் துண்டு வேணும். செய்து முடிய, ஐஎன்ஐ பைலின்ர உச்சியைப் பார்க்க மறக்காதேங்கோ.