மார்பு ரீகன்ஸ்ட்ரக்ஷன்: இம்ப்ளான்ட் சைஸ்ல பண்ணக்கூடாத தப்புங்க

போன மாசம் மாஸ்டெக்டமி, அதாவது மார்பை எடுக்கற ஆபரேஷன், முடிஞ்ச கையோட ஒரு ஜூனியர் வந்து "சார், எடுத்த மார்பு 520 கிராம் வந்திருக்கு, 500 சிசி இம்ப்ளான்ட் எடுத்துரவா?"ன்னாரு. எனக்கு பக்குனு ஆச்சு, ஏன்னா ஆரம்பத்துல நானும் இதையேதான் பண்ணேன். க்ளவுஸ் மாத்துறது, ஆன்டிபயாடிக்லாம் இங்க பேசப்போறதில்ல, அது தெரியாதவங்க தியேட்டர் பக்கமே வரக்கூடாது.

தராசை பாத்து சைஸ் எடுக்கறது

இன்னிக்கும் என்னை கடுப்பேத்துற தப்பு இதுதான். எடுத்த மார்பை எடை போடணும், வேணாங்கல, கிராமும் சிசியும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா அந்த சதை தளர்ந்து சரிஞ்சு கிடந்தது, இம்ப்ளான்ட் அப்படி கிடக்காது, தோலை முட்டிக்கிட்டு நிக்கும், அந்த தோலோ அப்பதான் அடியில இருந்து உரிச்செடுத்த மெல்லிசான தோல், ரத்த ஓட்டமே அரைகுறை.

என் கேஸ்ல அந்தம்மா "பழைய மாதிரியே வேணும் டாக்டர்"னாங்க. 550 கிராம் வந்துச்சு, நேரா 550 சிசி வெச்சுட்டேன். தையல் போடும்போதே தோல் வெளுத்துச்சு, விரலால அழுத்தி எடுத்தா நிறம் திரும்ப நேரமாச்சு, பாத்தேன், பாத்துட்டும் சரியாயிடும்னு மூடிட்டேன். மூணாம் நாள் நீலம், பத்தாம் நாள் தையலை ஒட்டி கட்டைவிரல் அகலத்துக்கு கருப்பு. திரும்ப தியேட்டர், இம்ப்ளான்ட் வெளிய, அவங்க கீமோ மூணு வாரம் தள்ளிப்போச்சு. எக்ஸ்பாண்டர்னு தோலை மெல்ல விரிய வைக்கற பலூன் மாதிரி பையை வெச்சு, கொஞ்சமா சலைன் (உப்புத்தண்ணி) விட்டு மூடிட்டு, புண் ஆறுனப்புறம் வாரம் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா 60 சிசின்னு ஏத்தியிருந்தா இந்த கூத்தே இல்ல.

இப்பல்லாம் முதல்ல ஸ்கேல்தான். மார்போட அடி அகலத்தை அளந்து, 12 சென்டிமீட்டர்னா அதுக்குள்ள அடங்குற இம்ப்ளான்ட் மட்டும் பாப்பேன், சிசி அப்புறம். அதே சிசி ப்ரொஃபைலுக்கு ப்ரொஃபைல் (எவ்வளவு முன்னாடி தள்ளி நிக்கும்ங்கறது) ஒரு சென்டிமீட்டருக்கு மேலயே அகலம் மாறும், அகலம் தாண்டுனா அக்குள் பக்கம் பிதுங்கி கை உரசும். தோல் தாங்குதான்னு பாத்துட்டு சைசரை (அளவு பாக்க தற்காலிகமா வைக்கற இம்ப்ளான்ட்) உள்ள வெச்சு, டேபிளை தூக்கி உட்கார வெச்சு, கால் பக்கம் போய் நின்னு பாருங்க. படுத்திருக்கும்போது எல்லா மார்பும் சமமாதான் தெரியும்.

கப் சைஸை எழுதி வெச்சுக்கறது

பிரா கம்பெனிக்கு கம்பெனி மாறும். விடுங்க.

"என் ஃப்ரெண்டுக்கு 300 வெச்சாங்களாமே"

பேஷன்ட் சொல்ற அந்த ஃப்ரெண்டு அழகுக்கு பண்ணிக்கிட்டவங்களா இருப்பாங்க. அங்க சொந்த மார்புக்கு அடியில 300, இங்க அந்த 300தான் மொத்த மார்பே. ஆபரேஷனுக்கு முன்னாடியே உக்காந்து இதை சொல்லிருங்க, இல்லன்னா பின்னாடி ஏமாத்திட்டாங்கன்னுதான் தோணும்.

ரேடியேஷன் உண்டான்னு கேக்காம விடறது

கேளுங்க. ரேடியேஷன் வாங்குன தோல் சரியா விரியாது, இம்ப்ளான்ட்டை சுத்தி இறுகவும் வாய்ப்பு ஜாஸ்தி.

மறுபக்கத்தை மறக்கறது

பெரிய மார்புக்கு ஈடா இந்தப்பக்கம் பெருசாவே வைக்கணும்னு கிடையாது, அந்தப்பக்கத்தை குறைச்சு தூக்கி தைக்கலாம். பேஷன்ட்ல முக்காவாசி பேருக்கு இப்படி ஒரு வழி இருக்கறதே தெரியாது, நாமதான் வாயைத் திறக்கணும். அந்தம்மாவுக்கும் ட்ரீட்மென்ட்லாம் முடிஞ்சு, திரும்ப எக்ஸ்பாண்டர்ல ஆரம்பிச்சு, கடைசியா 380 வெச்சு மறுபக்கத்தை குறைச்சோம். செக்கப்புக்கு வந்தப்ப கண்ணாடியில பாத்துட்டு, "இதையே முதல்ல பண்ணியிருக்கலாமே டாக்டர்?"னாங்க.

"ஆமாம்மா"ன்னேன்.