பொது சர்வரில் அடுத்தவர் ப்ராசஸ் கண்ணில் படாமல் மறைக்க

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலை என்று வைத்துக்கொள்வோம். எடைமேடை, கணக்குப் பிரிவு, குடோன் மூன்றுக்கும் ஒரே லினக்ஸ் சர்வர். ப்ராசஸ் என்றால் சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல். எடைமேடைக்காரர் ஓடும் ப்ராசஸ்களைப் பட்டியலிடும் 'பிஎஸ் ஏயூஎக்ஸ்' கட்டளையை அடித்தால் கணக்குப் பிரிவின் பேக்கப் ஸ்கிரிப்ட் கட்டளை வரியோடு தெரியும். அந்த வரியில் பாஸ்வேர்டு இருந்தால் அதுவும் தெரியும். ஒவ்வொரு ப்ராசஸுக்கும் '/ப்ராக்' அடைவுக்குள் ஒரு ஃபோல்டர் உண்டு. அதிலுள்ள 'சிஎம்டிலைன்' கோப்பை யாரும் படிக்கலாம்.

முதல் வேலையாக பாஸ்வேர்டைக் கட்டளை வரியிலிருந்து எடுத்து, 600 அனுமதி வைத்த (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத முடிகிற) கோப்பில் போடுங்கள். மறைப்பது அதற்கு அப்புறம்தான்.

லினக்ஸ் 3.3 முதல் இதற்கு 'ஹைட்பிட்' என்ற மவுன்ட் ஆப்ஷன் (/ப்ராக் அடைவை இணைக்கும்போது கொடுக்கும் அமைப்பு) இருக்கிறது. 0 என்றால் எல்லாம் திறப்பு. 1 என்றால் அடுத்தவர் ஃபோல்டர் தெரியும், உள்ளே போக முடியாது. 2 என்றால் ஃபோல்டரே தெரியாது. நீங்கள் 2 வையுங்கள்.

ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள யூசராக நுழைந்து (கட்டளைகளை ஆங்கில எழுத்தில் அடியுங்கள்):

மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஹைட்பிட்=2 /ப்ராக்

ரீபூட் ஆனால் இது போய்விடும். நிலைக்க வேண்டுமென்றால், பூட் ஆகும்போது எதை எப்படி மவுன்ட் செய்வது என்று சொல்லும் 'எஃப்எஸ்டேப்' கோப்பில் ப்ராக் வரியில் 'ஹைட்பிட்=2,ஜிஐடி=' சேருங்கள். ஜிஐடிக்கு, இந்த மறைப்பிலிருந்து விலக்கு தர நீங்கள் வைக்கும் குரூப்பின் (விலக்குக் குரூப்) எண்ணைக் கொடுங்கள். அந்தக் குரூப்பில் உள்ளவர்களுக்கு எல்லாம் தெரியும். நிர்வாகியை அதில் சேர்த்தால், அவர் லாக் அவுட் செய்து திரும்ப நுழைந்த பிறகுதான் பலிக்கும்.

பெரும்பாலும் சிக்கல் வருவது, சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள சர்வரில். லாகின்களைக் கவனிக்கும் 'லாகின்டி', அனுமதிகளைத் தீர்மானிக்கும் 'போல்கிட்' இரண்டும் மற்ற ப்ராசஸ்களைப் பார்த்தாக வேண்டும். மறைத்துவிட்டால் லாகின் தடுமாறும், அனுமதிக் கேள்விகள் தோற்கும். லாகின்டி ரூட்டாக ஓடினாலும் அதன் அதிகாரங்கள் வெட்டப்பட்டவை என்பதால் தப்பாது. 'சப்ளிமென்டரிகுரூப்ஸ்=' வரியை அதன் சர்வீஸ் டிராப்-இன்னில் (அமைப்பைக் கூட்டிச் சேர்க்கும் சிறு கோப்பு) எழுதி விலக்குக் குரூப்பைக் கொடுங்கள். போல்கிட்டின் யூசரையும் அதே குரூப்பில் சேருங்கள். கண்காணிப்பு ஏஜென்ட் இருந்தால் அதற்கும் இதே வைத்தியம்.

ஒரே ஒரு சர்வீஸின் பார்வையை மட்டும் அடைக்க வேண்டுமென்றால் இத்தனை பாடு வேண்டாம். சிஸ்டம்டி 247 முதல் அந்த சர்வீஸின் அமைப்பில் 'ப்ரொடெக்ட்ப்ராக்=இன்விசிபிள்' வரி போதும்; அந்த சர்வீஸ் ரூட் அல்லாத யூசரில் ஓட வேண்டும்.

சோதிப்பதை ரூட்டில் செய்யாதீர்கள், ரூட்டுக்கு எதுவும் மறையாது. எடைமேடை யூசரில் நுழைந்து 'பிஎஸ் ஏயூஎக்ஸ்' அடியுங்கள். அவருடைய ப்ராசஸ்கள் மட்டும் வர வேண்டும். இத்தனைக்கும் பிறகு 'கில் -0' என்று ஓர் எண்ணைக் கொடுத்தால், அந்த எண்ணில் ஏதோ ஓடுகிறதா என்று அவருக்குத் தெரிந்துவிடும். என்ன ஓடுகிறது என்பது தெரியாது.