கேஸ் நிரப்பச் சொல்லும் முன்பு: குளிராத ஏ.சி.யை நீங்களே பார்ப்பது எப்படி

பெருமாள்புரத்தில் ஓர் ஆச்சி வீட்டுக்கு ஒரு சித்திரை மாதம் போயிருந்தேன். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள படுக்கையறை, ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏ.சி. "கேஸ் தீர்ந்துவிட்டது தம்பி, நிரப்பிவிட்டுப் போ. வருஷம் தவறாமல் தீர்ந்துவிடுகிறது" என்றார். அதற்கு முந்தைய மூன்று கோடைகளிலும் யாரோ வந்து நிரப்பிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஓய்வூதியத்தில் வாழ்கிறவர். எனக்கு மனம் பொறுக்கவில்லை.

பாளையங்கோட்டையைச் சுற்றி 22 ஆண்டுகளாக இந்த வேலை செய்கிறேன். போகும் வீட்டிலெல்லாம் ஒன்றைச் சொல்கிறேன்: ஏ.சி.யின் கேஸ் அடுப்புச் சிலிண்டர்போல எரிந்து தீர்வதில்லை. அது கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கமலைச் சால் மாதிரி. அறையிலிருக்கும் சூட்டை மொண்டுகொண்டுபோய் வெளியே கொட்டிவிட்டு, மறுபடி மொள்ள உள்ளே வரும். சாலில் ஓட்டை விழுந்தால்தான் தண்ணீர் ஒழுகும். கேஸ் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். அதைவிட முக்கியம், குளிரவில்லை என்று என்னை அழைக்கும் வீடுகளில் பெரும்பாலானவற்றில் கேஸ் சரியாகவே இருக்கிறது. ஆகவே மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

முதலில் ரிமோட். பனித்துகள் நட்சத்திரப் படம் தெரிந்தால்தான் குளிர்விக்கும் நிலை. நீர்த்துளிப் படமோ விசிறிப் படமோ இருந்தால் பிள்ளைகள் யாரோ மாற்றியிருக்கிறார்கள். 2020 ஜனவரியிலிருந்து விற்கப்படும் ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட்டவை. அது கோளாறு அல்ல. 18 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பதும் உண்மையல்ல. இன்வெர்ட்டர் இல்லாத சாதாரண ஏ.சி. 24இல் எவ்வளவு குளிரைத் தள்ளுமோ அதையேதான் 18இலும் தள்ளும், நிற்காமல் ஓடும், அவ்வளவுதான்.

அடுத்தது ஃபில்டர். உள்யூனிட்டின் முன்மூடியைத் தூக்கினால் வலைத்தட்டு இரண்டு கையோடு வரும். வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். மறுபக்கம் தெரியவில்லையென்றால் காற்றும் போகவில்லை. குழாய்த் தண்ணீரில், உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். புத்தகத்தில் மாதம் ஒருமுறை என்று இருக்கலாம். நம் ஊருக்கு அது போதாது. ஆனியும் ஆடியும் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று புழுதியை வாரிக்கொண்டு வீடு வீடாக நுழைகிறது. அந்த இரண்டு மாதமும் பத்து நாளுக்கு ஒருமுறை கழுவச் சொல்வேன்.

ஃபில்டர் அடைத்த ஏ.சி.யில் உள்யூனிட்டின் குளிர்க்குழாய்ச் சுருளான காயிலில் பனிக்கட்டி பிடித்துவிடும். அதைக் கத்தியால் சுரண்டி ஒருவர் காயிலையே கிழித்துவிட்டார். அப்படிச் செய்யாதீர்கள். விசிறி நிலையில் மட்டும் இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிட்டால் தானே உருகிவிடும். சுத்தமான ஃபில்டரை மாட்டிய பிறகும் பனி பிடித்தால், அப்போது கேஸ் கசிவைச் சந்தேகிக்கலாம்.

இனி வெளியூனிட். உள்ளே ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் விசிறிக்கு முன்னால் கையை நீட்டுங்கள். அனல்காற்று வர வேண்டும். விசிறி சுற்றுகிறது, காற்றில் சூடே இல்லை என்றால், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் பெரும்பாலும் ஓடவில்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓர் உறுமல், பிறகு 'டக்' என்று ஓர் ஓசை, அதோடு அமைதி என்றால், சாதாரண ஏ.சி.யில் பெரும்பாலும் கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர்தான் போயிருக்கும். அதன் தலை உப்பியிருக்கும். மாற்றுவது சின்ன வேலைதான், ஆனாலும் நீங்கள் கை வைக்க வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதனுள் மின்னேற்றம் நிற்கும், அடிக்கும். இன்வெர்ட்டர் ஏ.சி.யாக இருந்தால் விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது, திரையில் என்ன எழுத்து வருகிறது என்று பார்த்து மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். ஸ்டெபிலைசரில் 200 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் சாதாரண கம்ப்ரசர் திணறும். மாலையில் மட்டும் குளிரவில்லை என்று சொல்லும் கிராமத்து வீடுகளில் நான் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

வெளியூனிட்டின் பின்பக்கம் அலுமினியத் தகடுகள் சீப்புப் பற்கள்போல நெருக்கமாக நிற்கும். சூடு வெளியேறும் வாசல் அதுதான். திசையன்விளைப் பக்கம் ஒரு வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்தபோது பற்களே தெரியவில்லை. தேரிக்காட்டுச் செம்மண், கடல் ஈரத்தில் ஊறி, பூசிய சுவர்போல் இறுகியிருந்தது. பிரேக்கரை அணைத்துவிட்டு, மெல்லிய தாரையாகத் தண்ணீர் விட்டேன். முதலில் சொட்டுக்கூட மறுபக்கம் போகவில்லை. கால்மணி நேரம் கழித்துத் தகட்டிடுக்கில் செங்குழம்பு வழியத் தொடங்கியது. அன்று நான் செய்த பழுதுபார்ப்பு அது ஒன்றுதான். மாலையில் அறை குளிர்ந்துவிட்டது. நீங்களும் தரையில் நின்று எட்டும் யூனிட்டுக்கு இதைச் செய்யலாம். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும். மின்கம்பிப் பெட்டியில் தண்ணீர் படக் கூடாது. சுவரில் தொங்கும் யூனிட்டுக்காகக் கைப்பிடிச்சுவரில் ஏறவே ஏறாதீர்கள்.

தண்ணீர் அறைக்குள் சொட்டினால் டிரெயின் குழாயின் வெளிமுனையைப் பாருங்கள். குளவி அதில் மண்கூடு கட்டியிருக்கும். ஒரு குச்சி போதும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரை வீடுகளில் பல வெளியூனிட்டுகள் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்த இடங்களில் உள்ளேயுள்ள மின்னணுச் சுற்றுப்பலகை (கார்டு) கருகியது. மூழ்கிய யூனிட்டைத் திறந்து, கழுவி, காயவைத்துச் சோதிக்கும்வரை பிரேக்கரைத் தொடக் கூடாது.

இத்தனையும் சரியாக இருந்து, ஏ.சி. கால்மணி நேரம் ஓடிய பின்பும் மேலே உள்ளிழுக்கும் காற்றுக்கும் கீழே வெளிவரும் காற்றுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இல்லையென்றால், கேஸைப் பற்றிப் பேசலாம்.

ஆச்சி வீட்டில் அப்படித்தான் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தேன். வெளியூனிட்டில் தாமிரக் குழாய் சேரும் நட்டின் அடியில் மட்டும் கறுப்பாக ஒரு பிசுக்கு. கேஸோடு சேர்ந்து கம்ப்ரசர் எண்ணெயும் கசியும். அதில் தூசி ஒட்டும். சோப்பு நுரையைத் தடவிவிட்டு ஆச்சியையும் கூப்பிட்டுக் காட்டினேன். கடுகளவு ஒரு குமிழி எழுந்தது, மிளகளவு ஆனது, உடைந்தது, அதே இடத்தில் அடுத்தது எழுந்தது. "இதற்கா மூன்று வருஷம்?" என்று கேட்டார். குழாயின் விரிந்த வாயில் மயிரிழைக் கீறல். அந்த முனையை வெட்டி, புதிதாக வாய் விரித்து, நட்டைப் பூட்டினேன்.

உங்கள் வீட்டில் கேஸ் நிரப்ப ஆள் வந்தால் மூன்றைக் கேளுங்கள். கசிவு எங்கே என்று கண்ணால் காட்டச் சொல்லுங்கள். அடைத்த பிறகு நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்து, வேக்குவம் பம்பை அரைமணி நேரமாவது ஓடவிட வேண்டும். குழாயில் தங்கும் காற்றும் ஈரமும் கம்ப்ரசரைக் கெடுக்கும். பிறகு தராசு. எந்த கேஸ், எத்தனை கிராம் என்று வெளியூனிட்டின் ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும். அதைப் படித்து, சிலிண்டரைத் தராசில் வைத்து எடை பார்த்து ஏற்ற வேண்டும். ஆர்-32 என்று இருந்தால் அது லேசாகத் தீப்பற்றக்கூடியது. வேலை முடியும்வரை ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்க வேண்டாம்.