கம்ப்ரசர் போகவில்லை, காற்றுதான் போகவில்லை

ஃப்ரிட்ஜின் மேலே ஃப்ரீசரில் ஐஸ் கல்லாக இருக்கும். கீழே வைத்த பால் காலையில் திரிந்திருக்கும். எங்கள் வீட்டில் இப்படி ஆனபோது வந்த மெக்கானிக், பின்பக்கம் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "கம்ப்ரசர் வீக், கேஸும் கம்மி" என்றார் (கேஸ் என்பது குழாய்க்குள் சுற்றிக் குளிர வைக்கும் வாயு). கடைசியில் பார்த்தால் இரண்டுக்கும் ஒன்றுமே ஆகவில்லை. போயிருந்தது பைமெட்டல் என்ற சின்ன உதிரி பாகம் ஒன்று. அதைப் பற்றிக் கீழே விரிவாக வருகிறது. முதலில் வாங்குவதைப் பேசிவிடலாம். எந்த வகையை வாங்குகிறீர்களோ, அந்த வகைக்கே உரிய பழுதுதான் பின்னால் வரும்.

வாங்கும்போது

முதல் முடிவு டைரக்ட் கூலா, ஃப்ராஸ்ட் ஃப்ரீயா என்பது. டைரக்ட் கூலில் கம்ப்ரசர், தெர்மோஸ்டாட், ஒரு பல்பு, அவ்வளவுதான் சமாச்சாரம். ஃபேன் கிடையாது, ஹீட்டர் கிடையாது. கெட்டுப்போவதற்குப் பாகங்களே குறைவு. அவ்வப்போது ஐஸை உருக்கி எடுக்கும் வேலை மட்டும் உங்களுடையது. ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் அந்த வேலையை மெஷினே செய்துகொள்ளும். அதற்காக உள்ளே ஒரு ஃபேன், ஒரு ஹீட்டர், சென்சார், டைமர் அல்லது எலக்ட்ரானிக் போர்டு எல்லாம் இருக்கும். ஒன்றிரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு டைரக்ட் கூல் என்பேன். பெரிய குடும்பம், பெரிய சைஸ் என்றால் ஃப்ராஸ்ட் ஃப்ரீதான் சரிப்படும்.

கதவில் தண்ணீர்க் குழாய், ஐஸ் கொட்டும் வாய், தொடுதிரை இதெல்லாம் எனக்குப் பிடிக்காது. ஃப்ரிட்ஜின் வேலை குளிர வைப்பது. அதற்குச் சம்பந்தமில்லாத ஒவ்வொரு வசதியும் பின்னால் ஒரு ரிப்பேர்.

அடுத்து, உள்ளே ஒட்டியிருக்கும் ரேட்டிங் தகட்டைப் பாருங்கள். கடையில் யாரும் அதைக் காட்ட மாட்டார்கள், நீங்களாகத்தான் குனிந்து பார்க்க வேண்டும். அதில் கிளைமேட் கிளாஸ் என்று ஒரு எழுத்து இருக்கும். ‘என்’ (N) என்றால் 16 முதல் 32 டிகிரி வரை உள்ள அறைக்கு, ‘எஸ்டி’ (ST) 38 வரை, ‘டி’ (T) 43 வரை. கோடையில் உங்கள் சமையலறை 40 டிகிரியைத் தொடும் என்றால் ‘என்’ ரகத்தை வாங்கிவிட்டுக் கூலிங் இல்லை என்று புலம்பிப் பயனில்லை. அதே தகட்டில் எந்த கேஸ், எத்தனை கிராம் என்றும் போட்டிருக்கும். இப்போது வரும் வீட்டு ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். புவி வெப்பத்தைக் கூட்டும் தன்மை பழைய ஆர்134ஏ-யோடு ஒப்பிட்டால் இதில் மிக மிகக் குறைவு. ஆனால் தீப்பற்றும். அளவு சில பத்து கிராம்தான் என்பதால் பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் குழாயில் கை வைக்கும் விஷயத்தில் விளையாடக் கூடாது.

மின்சார லேபிளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்ற எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும். அதுவும் ஒரே அளவு, ஒரே வகை ஃப்ரிட்ஜ்களுக்குள். லிட்டர் கணக்கில் மொத்தக் கொள்ளளவு வேறு, பொருள் வைக்கப் பயன்படும் இடம் வேறு. இரண்டாவதைக் கேளுங்கள்.

இன்வெர்ட்டர் கம்ப்ரசர், அதாவது தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடுவது, நல்லதுதான். சத்தம் குறைவு, மின்சாரமும் குறைவு. ஆனால் கதவில் பெரிதாக ஒட்டியிருக்கும் 10 வருட வாரன்டி பெரும்பாலும் கம்ப்ரசருக்கு மட்டும். அதை ஓட்டும் போர்டு, கேஸ், வேலைக்கூலி எதெல்லாம் அதற்குள் வரும் என்று வாரன்டி அட்டையில் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

வீட்டில் வைக்கும்போது

கதவு, மாடிப்படித் திருப்பம் இரண்டையும் வாங்குவதற்கு முன்பே அளந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நின்றபடி வந்த ஃப்ரிட்ஜை இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு ஆன் செய்யுங்கள். படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் ஒரு நாள் நிற்கட்டும். கம்ப்ரசரிலிருந்து குழாய்க்குள் போன ஆயில் திரும்பி இறங்க வேண்டும். பின்னாலும் பக்கங்களிலும் கையேட்டில் சொன்ன இடைவெளி கட்டாயம். எதுவும் சொல்லவில்லை என்றால் ஒரு சாண் தாராளம். முன்கால்களைத் திருகி முன்பக்கத்தை இம்மி உயர்த்தி வையுங்கள், கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்.

கருவி என்று வாங்குவதாக இருந்தால் முதலில் ஒரு தெர்மாமீட்டர். ஒரு டம்ளர் தண்ணீரில் அதைப் போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் 3 அல்லது 4 டிகிரி காட்ட வேண்டும். காற்றில் தொங்கவிட்டு அளந்தால் கதவைத் திறக்கும்போதெல்லாம் எண் தாவும், நம்ப முடியாது. ஃப்ரீசர் மைனஸ் 18. தெர்மோஸ்டாட் குமிழில் பெரிய எண் என்றால் அதிகக் குளிர். சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு 1-ல் வைத்திருப்பவர்கள் நிறைய. தெர்மாமீட்டரோடு ஒரு டார்ச், ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ஐஸைக் குத்திப் பெயர்க்கக் கத்தி மட்டும் கூடவே கூடாது. டைரக்ட் கூலில் அந்த ஐஸுக்கு ஒட்டினாற்போல் கேஸ் குழாய் ஓடுகிறது. ஒரு குத்து போதும், ஃப்ரீசரையே தூக்கிப் போட வேண்டியதுதான்.

பழுது: எளிதில் முடிபவை

கூலிங் குறைவு என்றால் முதலில் கதவு ரப்பர். ஒரு தாளைக் கதவில் பாதி உள்ளே பாதி வெளியே வைத்துச் சாத்திவிட்டு இழுங்கள். இறுக்கமாக வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று போகிறது. நாலு பக்கமும் பாருங்கள், கீல் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். வெந்நீர்த் துணியால் துடைத்து அழுக்கை எடுத்தாலே பாதி ரப்பர்கள் சரியாகிவிடும். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

பின்னால் கறுப்புக் கம்பி வலை தெரியும் மாடல் என்றால் தூசியைத் தட்டுங்கள். வலை தெரியாவிட்டால் அது பெரும்பாலும் பக்கச் சுவருக்குள் இருக்கிறது.

காய்கறி டிரேக்கு அடியில் தண்ணீர் தேங்கினால் வடிகால் துளை அடைத்திருக்கிறது. பின்சுவரின் அடியில் ஒரு சின்ன ஓட்டை தெரியும். வெதுவெதுப்பான தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சால் மெதுவாகச் செலுத்துங்கள். அடைப்பு விட்டால் கம்ப்ரசர் மேல் உள்ள தட்டில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்கும். அந்தத் தட்டையும் ஒருமுறை கழுவிவிடுங்கள், வீட்டில் வரும் மர்ம நாற்றத்துக்குப் பல நேரம் அதுதான் காரணம்.

பழுது: மேலே ஐஸ், கீழே சூடு

ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் குளிர் உண்டாவது ஒரே இடத்தில். ஃப்ரீசரின் பின்பலகைக்குப் பின்னால் ஒரு ‘காயில்’, அதாவது வளைத்து மடக்கிய குழாய். ஒரு ஃபேன் அந்தக் குளிர்ந்த காற்றை ஃப்ரீசருக்குள் ஊதுகிறது, ஒரு பங்கைக் குழாய் வழியாகக் கீழே தள்ளுகிறது. காயிலில் ஈரம் ஐஸாகப் படியும். பல மணி நேரத்துக்கு ஒருமுறை கம்ப்ரசர் நின்று, ஹீட்டர் எரிந்து, அந்த ஐஸ் உருகி வடிய வேண்டும். உருகாவிட்டால் காயில் முழுக்க ஐஸ் மூடிக்கொள்ளும், காற்று போக வழியிருக்காது. ஃப்ரீசர் காயிலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஓரளவு தாக்குப்பிடிக்கும். முதலில் அடிபடுவது கீழ்ப்பகுதி.

முதல் சோதனை: கதவைத் திறந்து, கதவு சுவிட்சை விரலால் அழுத்திப் பிடியுங்கள். ஃபேன் சத்தம் கேட்கிறதா, கீழ்த் துளைகளில் காற்று வருகிறதா? கம்ப்ரசர் ஓடும்போதும் சத்தமே இல்லை என்றால் ஃபேன் சந்தேகம். கரகரவென்று உரசினால் இறக்கையில் ஐஸ் படுகிறது. ஃபேன் ஓடியும் காற்று வராவிட்டால் ஐஸ் அடைப்பு.

இரண்டாவது சோதனைக்குக் காசே வேண்டாம். பிளக்கைக் கழற்றி, கதவுகளைத் திறந்து வைத்து, ஒரு நாள் முழுக்க விடுங்கள். கீழே பழைய துணி நிறையப் போடுங்கள். நாலைந்து மணி நேரத்தில் வெளியே தெரியும் ஐஸ் உருகிவிடும், அதோடு நிறுத்திவிடாதீர்கள். பலகைக்குப் பின்னால் இருப்பது கடைசியில்தான் உருகும். பிறகு ஆன் செய்தால் புதிது போலக் குளிர்ந்து, சில நாளிலோ ஓரிரு வாரத்திலோ மறுபடி அதே கதை ஆகிறதா? கம்ப்ரசரும் கேஸும் நன்றாக இருக்கின்றன, ஐஸை உருக்கும் டீஃப்ராஸ்ட் அமைப்புதான் வேலை செய்யவில்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

அடுத்த முறை கூலிங் குறையும்போது ஐஸை உருக்காமல், பிளக்கைக் கழற்றிவிட்டுப் பின்பலகையின் ஸ்குரூக்களை எடுத்துப் பாருங்கள். காயில் முழுக்கக் கெட்டியாக வெள்ளை ஐஸ் என்றால் டீஃப்ராஸ்ட் பழுது. முதல் ஒன்றிரண்டு வரிசையில் மட்டும் பனி, மற்ற இடம் வெறுமையாக இருந்தால் கேஸ் குறைவு. பனியே இல்லை என்றால் கம்ப்ரசர் பக்கம் போக வேண்டும். பலகையைத் திறக்காமலேயே "கேஸ் அடிக்கணும்" என்று சொல்பவரை நான் நம்புவதில்லை.

ஐஸ்தான் என்று தெரிந்துவிட்டால் மூன்று பாகங்களை மல்டிமீட்டரால் பார்க்க வேண்டும். ஹீட்டர்: மாடலைப் பொறுத்து மின்தடை சில பத்து ஓமிலிருந்து சில நூறு ஓம் வரை காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே அறுந்திருக்கிறது. தெர்மல் ஃப்யூஸ் (அளவு மீறிச் சூடானால் அறுந்து ஹீட்டரை நிறுத்துவது): எப்போதும் தொடர்ச்சி (மின்சாரம் போக வழி இருக்கிறது என்று) காட்ட வேண்டும், இல்லையென்றால் போய்விட்டது.

மூன்றாவது பைமெட்டல். குழப்பமெல்லாம் இதில்தான். காயில் மேல் கிளிப் போட்டு மாட்டியிருக்கும், இரண்டு ஒயர் வரும், வட்டமான சிறிய மூடி போல இருக்கும். காயில் உறைந்திருக்கும்போது இது மின்சாரத்தை ஹீட்டருக்கு விடும், சூடானதும் துண்டிக்கும். அதனால் கழற்றி மேஜையில் வைத்து அறை வெப்பத்தில் அளந்தால் ‘ஓப்பன்’ (தொடர்ச்சி இல்லை) என்றுதான் காட்டும். நல்ல பைமெட்டலும் அப்படித்தான் காட்டும்! அதைப் பார்த்து நல்லதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கி, அதையும் அளந்து, அதுவும் ‘ஓப்பன்’ என்று கடைக்காரரோடு சண்டை போட்டவர்கள் உண்டு. சரியான வழி இது: பைமெட்டலைத் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு, ஒயர் முனைகள் வெளியே இருக்கும்படி, நொறுக்கிய ஐஸில் உப்பைக் கலந்து அதற்குள் புதையுங்கள். வெறும் ஐஸ் தண்ணீர் போதாது, அது சுழியத்தில் நின்றுவிடும். உறைநிலைக்கு நன்றாகக் கீழே போனால்தான் இது சேரும், உப்பு கலந்தால்தான் அந்தக் குளிர் கிடைக்கும். கால் மணி நேரம் கழித்து அளந்தால் தொடர்ச்சி காட்ட வேண்டும். அப்போதும் ‘ஓப்பன்’ என்றால் பைமெட்டல் செத்துவிட்டது. மூடி உப்பிப் போயிருந்தால் அளக்கவே வேண்டாம். எங்களுடையது உப்பாமல் பார்க்கப் புதிதாகவே இருந்தது, உப்பு ஐஸில்தான் மாட்டியது.

மூன்றும் நன்றாக இருந்தால் டைமர் அல்லது போர்டு. பழைய மாடலில் டைமர் ஒரு சின்னப் பெட்டி. அதிலுள்ள திருகைக் கடிகாரம் சுற்றும் திசையில் மெதுவாகத் திருப்பினால் ‘டிக்’ என்று கேட்கும், கம்ப்ரசர் நிற்கும், கொஞ்ச நேரத்தில் ஹீட்டர் பக்கம் ஐஸ் உருகும் ‘ஸ்ஸ்’ சத்தம் வரும். கையால் திருப்பினால் உருகுகிறது, தானாக உருகுவதில்லை என்றால் டைமரை மாற்றுங்கள். போர்டு உள்ள மாடல்களில் பைமெட்டலுக்குப் பதில் சென்சார் இருக்கும். குளிரக் குளிர அதன் ஓம் எண் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் அதுதான் பழுது.

கை வைக்கக் கூடாதவை

சில நிமிடத்துக்கு ஒருமுறை ‘டிக்’ என்று கேட்டு, கம்ப்ரசர் உறுமிவிட்டு அடங்கினால் முதலில் வோல்டேஜை அளந்து பாருங்கள். அது சரியாக இருந்தால் கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ரிலேயோ, சூடு மீறினால் நிறுத்தும் ஓவர்லோடோ போயிருக்கலாம். ரிலேயைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே உடைந்த சில்லு சலசலக்கும். இது மலிவான பாகம். ஆனால் பக்கத்தில் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர் இருந்தால் பிளக்கைக் கழற்றிய பிறகும் ஷாக் அடிக்கும், பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

கேஸ் வேலை முழுக்க மெக்கானிக்குடையது. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: கேஸ் வண்டியில் போடும் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. குறைந்தால் எங்கேயோ ஓட்டை. எங்கே ஓட்டை, அதை அடைத்தீர்களா, ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர் டிரையரை மாற்றினீர்களா, குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி எடுக்க வேக்குவம் போட்டீர்களா, தகட்டில் உள்ள கிராம் அளவுக்குத்தான் ஏற்றினீர்களா என்று கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

பிறகு சேர்த்தது

படித்தவர்கள் அதிகம் கேட்டது பக்கச் சுவர் சூடு பற்றி. கையில் தொட்டால் சூடாக இருப்பது இயல்பு, வெப்பத்தை வெளியேற்றும் குழாய் அங்கேதான் ஓடுகிறது.

ஸ்டெபிலைசர் வேண்டுமா? தகட்டிலோ கையேட்டிலோ எந்த வோல்டேஜ் வரை தாங்கும் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். உங்கள் வீட்டு வோல்டேஜ் அதற்குள் இருந்தால் தேவையில்லை. இன்வெர்ட்டர் இல்லாத பழைய கம்ப்ரசர் என்றால், கரண்ட் வந்ததும் சில நிமிடம் தாமதித்து ஆன் செய்யும் வகை ஸ்டெபிலைசரைத்தான் வாங்குவேன். நின்ற உடனே மறுபடி ஓடப் பார்த்தால் உள்ளே அழுத்தம் சமமாகாமல் கம்ப்ரசர் திணறும்.

கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். திறக்காத ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் தாங்கும். நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24.

குளிர் நாட்டிலிருந்து ஒருவர், பனிக்காலத்தில் ஃப்ரீசரில் உள்ளது மட்டும் உருகுகிறது என்று எழுதியிருந்தார். சூடேற்றாத அறையில் ஃப்ரிட்ஜ் இருக்கிறதாம். சென்சார் கீழ்ப்பகுதியில் மட்டும் இருக்கும் மாடல்களில் இது நடக்கும். அறையே 5 டிகிரியில் இருந்தால் கீழே போதுமான குளிர் இருக்கிறது என்று நினைத்துக் கம்ப்ரசர் ஓடாமலே இருந்துவிடும், ஃப்ரீசர் கைவிடப்படும். பழுது எதுவும் இல்லை, அறையை மாற்றினால் சரியாகும். அங்கேயேதான் வைத்தாக வேண்டும் என்றால் 10 டிகிரி வரை தாங்கும் ‘எஸ்என்’ (SN) கிளாஸ் தேடுங்கள், அறை அதற்கும் கீழே போகும் என்றால் அந்தக் குளிருக்கென்றே செய்த மாடல்தான் வேண்டும்.