உயரம் குறைந்தவர்கள் ரோடு பைக் (கீழே வளைந்த ஹேண்டில் உள்ள வேக சைக்கிள்) வாங்கும்போது எங்கே சறுக்குகிறார்கள்?

ஐந்தடி உயரமுள்ள ஒருவர் கடைக்குப் போனால் பெரும்பாலும் இதுதான் நடக்கும்: சீட்டைக் கடைசிவரை இறக்குவார்கள், ஏறி உட்காரச் சொல்வார்கள், கால் எட்டினால் "சைஸ் கரெக்ட்" என்று பில் போட்டுவிடுவார்கள். சீட் உயரத்தை ஒரு ஆலன் கீ இருந்தால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஃபிரேமின் நீளத்தை மாற்ற முடியாது. கழுத்து வலிப்பதற்கும் கை மரத்துப்போவதற்கும் பல நேரம் அந்த நீளம்தான் காரணம்.

ஃபிரேமில் 48, 50 என்று ஒட்டியிருக்கும் சைஸ் எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஃபிரேமின் அளவுகளைத் தரும் ஜியோமெட்ரி அட்டவணையில் ரீச் (பெடல்கள் சுற்றும் மைய அச்சிலிருந்து ஃபிரேமின் முன்குழாய் உச்சி எவ்வளவு முன்னால் இருக்கிறது), ஸ்டாக் (அதே உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது) இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சீட்டுப் பக்கத்தையும் ஹேண்டில் பக்கத்தையும் இணைக்கும் மேல்குழாயான டாப் ட்யூபின் நீளத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். சின்ன ஃபிரேம்களில் சீட்டைத் தாங்கும் குழாயான சீட் ட்யூபை 75 டிகிரிவரை நிமிர்த்திவிடுவது உண்டு. உடனே டாப் ட்யூப் குட்டையாகத் தெரியும். பெடலுக்குப் பொருத்தமான இடத்தில் உட்கார சீட்டைப் பின்னால் தள்ளினால், டிகிரிக்குச் சுமார் ஒரு செ.மீ. வீதம் அந்த நீளம் திரும்பி வந்துவிடும்.

ஹேண்டில் எட்டவில்லை என்று சீட்டை முன்னால் தள்ளுவதும் இதே கணக்கில்தான் தவறாகிறது. எட்டும், ஆனால் உடம்பின் பாரம் கைகளில் இறங்கும். சீட்டின் இடத்தைப் பெடலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எட்டாத மிச்சத்துக்கு 80 மி.மீ. ஸ்டெம் (ஹேண்டிலை ஃபிரேமோடு இணைக்கும் துண்டு), முன்னால் அதிகம் நீளாத காம்பாக்ட் ஹேண்டில்பார் போடலாம். பெரிய ஃபிரேமை இப்படிச் சரிக்கட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

மெதுவாகத் திரும்பும்போது ஷூ நுனி முன்சக்கரத்தில் இடிக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். குட்டி ஃபிரேமில் ரோடு பைக்கின் வழக்கமான பெரிய 700சி சக்கரத்தைத் திணிப்பதால் வரும் சிக்கல் இது. 1985இல் தன் சைக்கிள் கம்பெனியைத் தொடங்கிய ஜார்ஜீனா டெர்ரி, முன்னால் மட்டும் 24 இன்ச் சக்கரம் வைத்து இதைத் தீர்த்தார். இன்று சில கம்பெனிகள் சின்ன சைஸுக்கு, 700சியைவிடச் சிறிய 650பி சக்கரம் தருகின்றன. டயர் உள்ளூரில் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

பெடலைத் தாங்கும் கம்பியான கிராங்க் 170 மி.மீ.க்குப் பதில் 165 மி.மீ. நீளத்தில் கேளுங்கள். பிரேக் லீவரைப் பலர் கவனிப்பதே இல்லை. பெரும்பாலான லீவர்களில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதைத் திருகினால் லீவர் விரலுக்குக் கிட்டே வரும். ஹேண்டிலின் கீழ்ப்பிடியைப் பிடித்தபடி இரண்டு விரலால் பிரேக்கை முழுதாக அழுத்த முடிகிறதா என்று பார்க்காமல் மலை இறக்கத்துக்குப் போகவே கூடாது.